பெரிய வண்டிக்குப் போகும் முன்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், இயன்முறைச் சிகிச்சை அறையில் ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “சார், பையன் பெரிய வண்டி கேக்கறானுங்க. வாங்கித் தரலாமுங்களா?”

அவருடைய கணவர் தோட்டத்தில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தவர். தகடு வைத்து, ஊன்றுகோலுடன் நடக்கப் பழகிக்கொண்டிருந்தார். கொல்லிமலையில் மிளகும் வாழையும் பயிரிடும் குடும்பம். தந்தை எழுந்து நடமாடும்வரை சந்தைக்கும் மருத்துவமனைக்கும் சென்றுவரும் பொறுப்பு முழுவதும் இருபது வயது மகனுடையதாகிவிட்டது. வீட்டிலிருந்த 100 சி.சி. வண்டி, பின்னால் ஓர் ஆளும் மடியில் ஒரு மூட்டையும் இருந்தால் மலையேறத் திணறுகிறது என்பது மகனின் வாதம். அது பொய்யான வாதமன்று.

பல ஆண்டுகளாக இத்தகைய கேள்விக்கு நான் தந்த விடை ஒரே சொல்தான்: “வேண்டாம்.” எலும்பு முறிந்தவர்களை நாள்தோறும் நடக்கப் பழக்குகிறவனுக்கு அது இயல்பாகவே வாயில் வரும். ஆனால், அந்த விடையால் பயனில்லை என்று இப்போது கருதுகிறேன். வேண்டாம் என்று சொல்லப்பட்ட இளைஞர்களில் பலர் சில மாதங்கள் கழித்துத் தவணையில் வாங்கினார்கள். வேறு சிலர் நண்பனின் வண்டியை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி, நேராக மலைப்பாதைக்குக் கொண்டுபோனார்கள். எப்படி ஓட்டுவது, எப்போது மலைக்குக் கொண்டுபோவது, யாரைப் பின்னால் ஏற்றுவது என்பவை வீட்டில் பேசப்படாமலே போயின.

பெரிய வண்டிக்கு மாறுவது தவறன்று என்பதே இன்று என் கருத்து. சிறிய வண்டியில் பெற்ற பழக்கம் பெரிய வண்டிக்கு அப்படியே போதும் என்று நம்புவதுதான் தவறு. இரண்டுக்கும் இடையே சில படிகள் வேண்டும். அந்தப் படிகளை நம் நாட்டுச் சட்டம் வைக்கவில்லை. ஆகவே குடும்பம்தான் வைக்க வேண்டும்.

ஆசையை இழிவாக எண்ணாதீர்கள்

காரவள்ளியிலிருந்து சோளக்காடு செல்லும் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை அறியாதவர் இந்தப் பகுதியில் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் அமைந்த ஊர்களுக்கு அதுதான் உயிர்நாடி. வார இறுதியில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் இளைஞர்கள் பெரிய வண்டிகளில் வந்து அதே வளைவுகளில் ஏறி மகிழ்கிறார்கள். அவர்களைப் பார்த்து வளரும் மலைப்பகுதிப் பிள்ளைக்கு அத்தகைய வண்டியின் மீது ஆசை பிறப்பது இயற்கை.

நம் முந்தைய தலைமுறையும் இவ்வாறுதான் படிப்படியாக ஏறிவந்தது. மிதிவண்டியிலிருந்து, 1980-இல் வந்த டி.வி.எஸ். 50-க்கும், அதிலிருந்து 100 சி.சி. வண்டிகளுக்கும் மாறியவர்கள் நம் தந்தையர். செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர் என்று சங்க இலக்கியம் கூறுகிறது. ஊர்தியைத் தன்னில் ஒரு பகுதியாகக் கருதுவது இம்மலைக்குப் புதிதன்று. ஆனால், நன்கு பழகிய குதிரையிடம்தான் அந்த உரிமை வரும்.

உண்மையில் என்ன மாறுகிறது?

100 சி.சி. வகையில் பெருவழக்காக உள்ள ஸ்பிளெண்டர் போன்ற வண்டியின் எடை ஏறத்தாழ 112 கிலோ. ஆற்றல் ஏறத்தாழ 8 குதிரைத்திறன். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் எடை ஏறத்தாழ 195 கிலோ. ஆற்றல் ஏறத்தாழ 20 குதிரைத்திறன். எடையில் 80 கிலோவுக்கு மேல் வேறுபாடு. ஒரு பெரிய மனிதரைக் கூடுதலாகச் சுமப்பதற்கு இது சமம். சி.சி. எண்ணை மட்டும் பார்ப்பதும் போதாது. 200 சி.சி. பந்தய வகை வண்டிகளில் சில, இதைவிட எடை குறைந்தவையாக இருந்தும் 25 குதிரைத்திறன் அளவுக்கு ஆற்றல் தருகின்றன. “350 வேண்டாம், 200 போதும்” என்று பெற்றோர் ஆறுதல் அடைவதில் பொருளில்லாமல் போகலாம்.

எடையின் விளைவை நான் சிகிச்சை அறையில் காண்கிறேன். வேகமாகச் சென்று விழுந்தவர்கள் மட்டும் இங்கு வருவதில்லை. நின்ற வண்டி சாய்ந்து, அதைத் தாங்க முயன்று கணுக்காலும் முழங்காலும் முறுக்கிக்கொண்டவர்களும் வருகிறார்கள். சிறிய வண்டி சாயும்போது ஒரு காலை ஊன்றித் தடுத்துவிடலாம். அந்தப் பழக்கம் காலில் பதிந்திருக்கிறது. பின்னால் ஆள் அமர்ந்த பெரிய வண்டி ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் எந்தக் காலாலும் அதைத் தாங்க இயலாது. கொண்டை ஊசி வளைவில், எதிரே பேருந்து வந்ததால் சரிவில் திடீரென நிற்க நேரும்போது இதுவே நிகழ்கிறது.

அடுத்தது கியர். பல 100 சி.சி. வண்டிகளில் கால்விரலால் முன்பக்கம் மிதித்தால் கியர் ஏறும். குதிகாலால் மிதித்தால் இறங்கும். பெரிய வண்டிகளில் பெரும்பாலும் முதல் கியர் மட்டும் கீழே. மற்றவை மேல்நோக்கித் தூக்கப் போடுபவை. அங்கே முன்பக்கம் மிதித்தால் கியர் இறங்கும். அமைதியாக ஓட்டும்போது இதை மூளை நினைவில் வைத்துக்கொள்ளும். பதற்றத்தில் கால் பழைய பழக்கத்தையே செய்யும். கியர் தவறாக இறங்கிப் பின்சக்கரம் வழுக்கும். பழைய புல்லட் வாங்குவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவற்றில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருக்கும்.

மூன்றாவது பிரேக். சிறிய வண்டியில் பின் பிரேக்கை மட்டும் மிதித்தே பலர் ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள். பெரிய வண்டியை நிறுத்துவதில் முன்சக்கரத்துக்கே பெரும்பங்கு. வலக்கை விரல்கள் அதைச் சிறிது சிறிதாக அழுத்தக் கற்க வேண்டும். கற்காத கை, மணல் படிந்த வளைவில் ஒரே பிடியாகப் பிடித்துவிடும்.

நான்காவது வேகம். வேகம் இரு மடங்கானால் நிறுத்துவதற்கு வேண்டிய தொலைவு நான்கு மடங்காகும். சிறிய வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் அதிரும், ஓசையிடும். ஓட்டுபவரை அதுவே எச்சரிக்கும். பெரிய வண்டி அதே வேகத்தில் அமைதியாகச் செல்லும். எச்சரிக்கை இல்லாததால் வேகம் தெரியாது.

சட்டம் வைக்காத படிகள்

சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே இருசக்கர உரிமம் மூன்று நிலைகளாக உள்ளது. முதலில் 200 சி.சி. வரை; குறைந்தது ஓராண்டு கழித்துத் தனித் தேர்வு எழுதி 400 சி.சி. வரை, மேலும் ஓராண்டு கழித்து மற்றொரு தேர்வுக்குப் பின்னரே அதற்கு மேல். ஐரோப்பிய நாடுகளிலும் 125 சி.சி.யில் தொடங்கி நிலை நிலையாக ஏறும் முறை உண்டு.

நம் நாட்டில் 18 வயது நிறைந்தவர் கியர் வண்டிக்கான ஓர் உரிமத்தைப் பெற்றுவிட்டால், எவ்வளவு பெரிய வண்டியையும் மறுநாளே ஓட்டலாம். நேற்றுவரை 8 குதிரைத்திறனில் சந்தைக்குச் சென்றவர் இன்று 40 குதிரைத்திறனில் மலையேறுவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. கடைக்காரரும் தடுக்கமாட்டார், அது அவருடைய தொழிலும் அன்று. தடுக்கவோ தாமதப்படுத்தவோ கூடியவர்கள் வீட்டில் உள்ளவர்களே. தவணைப் படிவத்தில் கையெழுத்திடுபவரும், முன்பணம் தருபவரும் பெரும்பாலும் அவர்கள்தானே!

18 வயது நிறையாத பிள்ளைக்குக் கியர் வண்டியைத் தருவது பற்றிப் பேச்சே வேண்டாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அந்தக் குற்றத்துக்குப் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

குடும்பம் வைக்கக்கூடிய படிகள்

முதலாவது, சிறிய வண்டியில் மலைப்பாதையின் எல்லாப் பருவங்களையும் கடந்திருக்க வேண்டும். மழை, பனிமூட்டம், சருகு வழுக்கும் கோடை ஆகிய மூன்றிலும் ஓராண்டு ஓட்டியவருக்குச் சாலையைப் படிக்கத் தெரியும்.

இரண்டாவது, உடம்புக்கு ஏற்ற வண்டியா என்று பார்க்க வேண்டும். இருக்கையில் அமர்ந்து இரு பாதங்களையும் உறுதியாக ஊன்ற முடிகிறதா? இறங்கி நின்று, சிறு மேட்டில் வண்டியைத் தனியாகத் தள்ள முடிகிறதா? நடு ஸ்டாண்டு இருந்தால் அதில் ஏற்ற முடிகிறதா? கடையிலேயே இவற்றைச் செய்து பார்க்கலாம். முடியவில்லை என்றால் 125 அல்லது 150 சி.சி. போன்ற இடைநிலை வண்டியே தக்கது. பெரும்பாலான மலைக்குடும்பங்களின் தேவைக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

மூன்றாவது, புதிய வண்டியை முதல் ஒரு மாதம் சமவெளியில் மட்டும், பகலில் மட்டும், பின்னால் யாரையும் ஏற்றாமல் ஓட்ட வேண்டும். ஆளில்லாத திடலில் முன் பிரேக்கை மெல்ல அழுத்தி நிறுத்துவதையும், மெதுவாக வட்டமிட்டுத் திரும்புவதையும் பலமுறை பழக வேண்டும். அதன்பின் மலைக்குத் தனியாக, பிறகு மூட்டையுடன், கடைசியாகத்தான் ஆளுடன்.

நான்காவது, இறக்கத்தைத் தனியாகக் கற்க வேண்டும். ஏறுவதற்கு வலிமை போதும். இறங்குவதற்குத்தான் திறமை வேண்டும். எடை கூடக்கூட இறக்கத்தில் பிரேக்கில் பிறக்கும் வெப்பமும் கூடும். தொடர்ந்து பிடித்தால் பிரேக் தளரும். எந்தக் கியரில் ஏற வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்கினால் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கும் பழக்கத்தை எந்த வண்டியிலும் கைவிட வேண்டும். குறுகிய மலைப்பாதையில் இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி.

ஐந்தாவது, வண்டிக்கு என்று ஒதுக்கும் தொகையிலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள இரண்டு தலைக்கவசங்களையும், நல்ல டயர்களையும், காப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பழைய வண்டி வாங்குவோர் தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். 2019 ஏப்ரல் முதல்தான் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளிலும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளில் அது இல்லாமலிருக்கலாம்.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு

இங்கு மருந்து வாங்கக் காத்திருக்கும்போது இதைப் படிப்பவர்களில், மீண்டும் வண்டி ஓட்டும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பலர். அந்த நாளோடு புதிய வண்டியையும் சேர்த்து நினைப்பவர்களும் உண்டு. மாவுக்கட்டை அகற்றிய நாளும் வண்டி ஓட்டத் தகுதி பெற்ற நாளும் ஒன்றல்ல. எலும்பு கூடிய பின்னும் தசையின் வலிமையும் மூட்டின் அசைவும் திரும்பக் காலம் வேண்டும். முறிந்த காலில் தடுமாறாமல் நிற்க முடிகிறதா, பாதத்தை விரைவாகத் தூக்கி அழுத்த முடிகிறதா, கிளட்சைப் பலமுறை பிடித்தாலும் கை சோராமலிருக்கிறதா என்று நாங்கள் பார்க்கிறோம். இவை திரும்பிய பின், முதலில் பழகிய பழைய வண்டியில்தான் தொடங்க வேண்டும். உடம்பும் புதிது, வண்டியும் புதிது என்ற நிலை ஆபத்தானது.

தலையில் அடிபட்டவர்களும் வலிப்புக்கு மருந்து உண்பவர்களும் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்காமல் எந்த வண்டியையும் தொட வேண்டாம். ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தோடு தரும் உடற்தகுதி உறுதிமொழியிலேயே வலிப்பு, மயக்கம் பற்றிய கேள்வி உண்டு. சர்க்கரை நோயாளிகள் இரண்டைக் கவனிக்க வேண்டும்: உணவைத் தவறவிட்டு மலையேறினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம், பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்பது தெரியாது. வலி, சளி, உறக்கம் ஆகியவற்றுக்கான மருந்துகளில் சில தூக்கம் தருபவை. மருந்துச் சீட்டைப் பெறும்போதே “இதை உண்டு வண்டி ஓட்டலாமா?” என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை எந்த மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பின்னால் அமர்பவருக்கும் ஒரு சொல்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அவ்வாண்டில் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்தவர்கள். நோயாளிக்குத் துணையாக வரும் தாயும் மனைவியும் தங்கையும் அந்த இருக்கையில்தான் வருகிறார்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். புதிய வண்டியின் பின்னிருக்கை உயரமாகவும் குறுகலாகவும் இருந்தால், பக்கவாட்டில் அமர்வது இன்னும் பாதுகாப்பற்றது. வாங்கும் முன் பின்னால் அமரப்போகிறவரையும் கடைக்கு அழைத்துச் சென்று உட்கார வைத்துப் பாருங்கள். அவருக்குப் பொருந்தவில்லை என்றால், அந்த வண்டி அந்தக் குடும்பத்துக்கு உரியதன்று.

“சிறிய வண்டியில் விபத்து நேர்வதில்லையா?” என்று கேட்கலாம். நேர்கிறது, இங்கு நான் காண்பவர்களில் பலர் சிறிய வண்டிக்காரர்கள். “இத்தனை படிகளுக்கு நேரமேது? வேலை காத்திருக்கிறதே!” என்றும் கேட்கலாம். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால், ஒரு தொடை எலும்பு முறிவு நோயாளியின் பல மாத வருமானத்தையும், உடனிருப்பவரின் வருமானத்தையும் ஒருசேர நிறுத்திவிடுகிறது. அந்தக் கணக்கை இந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு மாதப் பயிற்சி அதைவிட மலிவானது.

எவ்வளவு கவனமாக இருந்தும் விபத்து நேர்ந்தால் 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அதற்கென அறிவிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணிநேரச் சிகிச்சைக்கு அரசே செலவை ஏற்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவரைச் சட்டம் பாதுகாக்கிறது. வழக்குக்கு அஞ்சி விலகிச் செல்ல வேண்டியதில்லை.

அந்தத் தாய்க்கு நான் “வாங்கலாம்” என்றோ “வேண்டாம்” என்றோ சொல்லவில்லை. மேலே எழுதியவற்றைச் சொன்னேன். கணவரும் கட்டிலில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு மகன்தான் தந்தையை அழைத்து வந்தான், பேருந்தில். 150 சி.சி. வண்டி ஒன்று வாங்கியிருக்கிறார்கள். பழைய வண்டியையும் விற்கவில்லை. புதிய வண்டியில் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

“அது இன்னும் கீழ மாமா வீட்டுலதானுங்க சார் நிக்குது. மலைக்குத் தனியா ரெண்டு தடவதான் கொண்டுபோயிருக்கேன். அப்பாவ ஏத்தறதுக்கு இன்னும் நாள் இருக்குதுங்க” என்றான்.

தந்தை ஒன்றும் சொல்லவில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அன்றைய பயிற்சிக்காகக் கைப்பிடிக் கம்பிகளை நோக்கித் தானே நடந்தார்.